எழுபத்திரண்டில் ஒன்று

கொவென்றியிலிருந்து மச்சான் கெங்காதரன் அனுப்பிய பெட்டி
பார்சல் கடையில் இரண்டு நாள் கிடந்தது.
"உள்ளுக்கை என்ன சாமான்?"
"பொம்மர்" என்றேன்.
பெடியன் நிமிரவுமில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு பிறந்தவன்.
'விளையாட்டுப் பொருள்' என்று எழுதிக்கொண்டான்.

வார்ப்பு உலோகம். தேங்காய்ப் பாதியின் பாரம்.
லங்காஸ்ரர்: நாலு எஞ்சின், ஏழு ஆட்கள்.
வாலில் குந்தியிருக்கும் சுடுகாரனுக்கு
முகமும் வைத்திருக்கிறார்கள், கடுகளவு இளஞ்சிவப்பு.
மூக்கோரம் வரிசையாய் மஞ்சள் குண்டுகள்,
போய்த் திரும்பிய ஒவ்வோர் இரவுக்கும் ஒன்று.
கண்ணாடி போட்டு எண்ணினேன். நாற்பத்தியொன்று.
போன இடங்களில் எண்ணியவர்களின் கணக்கு
இந்த அளவில் வராது.

அலுமாரியில் இது நாலாவது.
வெலிங்ரன், பி-பதினேழு, அதற்கப்பால் லிபரேற்றர்.
லிபரேற்றர் காங்கேசன்துறையில் இறங்கினதாம்,
வெள்ளைக்காரன் கடலில் நீர்மூழ்கி தேடிய காலம்.
அதை மட்டும் கொஞ்சம் முன்னே வைத்திருக்கிறேன்,
ஊர்க்காரன் மாதிரி.

ஏன் சேர்க்கிறாய் என்று கேட்கிறார்கள்.
நான் எந்தப் பொம்மரின் முதுகையும் பார்த்ததில்லை.
அவ்வளவுதான்.

பெட்டியின் அடியில் பொடி எழுத்தில்
செய்த கம்பனியின் பெயர்: அவ்ரோ.

அவ்ரோ.
எங்களுக்கு அது பெயரா?
நாய்கள் முதலில் கேட்கும் இரைச்சல்.
பனங்கூடலுக்கு மேலே, அவசரமே இல்லாமல்,
ஆட்களை ஏற்றவென்று செய்த பிளேன்
வாசலால் பீப்பா உருட்டிவிடும்.
லங்காஸ்ரரைப் பெற்ற வீட்டில்தான்
அதுவும் பிறந்திருக்கிறது.
பட்டியல் பட்டியலாய்த் தேடினேன்.
பீப்பாவோடு ஒருவரும் அதை வார்க்கவில்லை.

எழுபத்திரண்டில் ஒன்று என்றால்
எங்கள் பங்கர் ஒரு நெருப்புப்பெட்டி.
மேலே அடுக்கிய பனங்குற்றிகள் பென்சில்கள்.
உள்ளே பதினொரு பேர். மூலையில்
காதைப் பொத்தியபடி பக்கத்து வீட்டுப் புவனலோஜினி, ஒன்பது வயது,
என் முழங்கால் இடிக்குதென்று அழுதவள்.

இப்போதும் இடிக்குதென்பாள், கட்டிலில்.

லங்காஸ்ரரைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.
நகத்தால் குண்டுக் கதவைத் திறந்தாள், மூடினாள்.
"வடிவாய்த்தான் செய்திருக்கிறாங்கள்.
முகட்டிலை மட்டும் கட்டித் தொங்கவிடாதேங்கோ."

வெள்ளிக்கிழமைகளில் தூசி தட்டுகிறாள்.
மற்ற மூன்றையும் இருந்தபடியே வைத்துவிட்டு
இதை மட்டும் மல்லாத்தி விடுகிறாள்,
வயிறு மேலே, ஏழு பேரும் தலைகீழாய்.

நான் நிமிர்த்துவதில்லை.
முதுகை அவளிடமே கேட்கலாம்.