தரை விடுதலை

வார்னா துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய உப்புக் கிடங்கின் நிலவறை.
குழாய் சொட்டும் சத்தத்துக்கு நடுவே
ராதோஸ்லாவா அமர்கிறாள், எழுகிறாள்,
தோளில் எண்பது கிலோ.

பின்னால் நின்று பார்க்கிறேன்.
பாதிவரை நேர்.
அடிக்குப் போனதும் இடுப்பு
வலப்பக்கம் நழுவுகிறது,
பேருந்தில் பிடிக்காத ஆள் பக்கத்தில்
இடம் கிடைத்தவள்போல.

"தரை சாய்வு" என்றாள்.
இருக்கலாம். ஒரு செர்ரிப் பழத்தை வைத்தோம்.
உருண்டது, கதவை நோக்கி.
"பார்த்தாயா!"

மறுபக்கம் திரும்பி நின்று அமரச் சொன்னேன்.
முகம் இப்போது சுவருக்கு.
இடுப்பு, மறுபடியும், அவளுடைய வலத்துக்கே.
தரை விடுதலை.

கம்பியை அளந்தோம்: நடுவில்தான்.
அஞ்சல் பையா? பதினோரு வருடம், ஒரே தோள்.
பையின்மேல் பழிபோட எனக்கும் ஆசைதான்;
நழுவுவது தோள் இல்லையே.

காலணியைக் கழற்றச் சொன்னேன்.
குதிகால் எழாமல் சுவரை முட்டியால் தொடு.
வலது தொட்டது.
இடது, நான்கு விரல் தள்ளியே நின்றுவிட்டது.

"பனியில் ஒருமுறை..."
"எப்போது?"
"ஆறு வருடம். மிச்சக் கடிதங்களைக்
கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

கணுக்கால் விழுங்கியதை
இடுப்பு உளறிக்கொண்டிருந்திருக்கிறது.

தட்டுகளை உருவினோம். வெறும் கம்பி.
குதிகாலுக்கு அடியில் மரத்துண்டுகள்.
அமர்ந்தாள்.
சாய்ந்தாள், கொஞ்சம் குறைவாக.
கதவோரம் கிடந்த பழத்தைத்
துடைத்துத் தின்றுவிட்டு
"இன்னொன்று" என்றாள்.