ஏகாம்பரகுப்பத்தில் ஜனவரி ஒன்று

அமாவாசை. தறி ஓடாது.
இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் கேட்டேன்
இந்தப் பெட்டி எப்படி இழுத்து இழுத்து
மூச்சு வாங்குகிறதென்று.

பக்கத் தகட்டுக்கு இரண்டு திருகு. ஒன்று எப்போதோ தொலைந்தது.
மற்றதைக் கழற்றினேன்.
விசிறி இருக்க வேண்டிய இடத்தில் குருவிக்கூடு.
அடியில் சிவப்புப் பஞ்சு, லுங்கி நெய்த காலம்.
அதன்மேல் பச்சை, ஒரு தீபாவளி ஆர்டர், பணம் இன்னும் வரவில்லை.
மேலே வெள்ளை, உள்பாவாடைத் துணி, போன மாசம் வரைக்கும்.
பெயிண்டு பிரஷ்ஷால் தள்ளினேன்.
மூன்று வருஷத்துத் தும்மலை ஒரே நாளில் தும்மினேன்.

மாட்டி அழுத்தினால் நீளமாக மூன்று கூவல். திரை கறுப்பு.
ராமைப் பிடுங்கி, பென்சில் ரப்பரால்
அதன் பொன் பல்லைத் தேய்த்து
'டக்' என்று உட்காரும்வரை அழுத்தினேன்.
பயமில்லாமல் இல்லை.
பில் போடாவிட்டால் நூல் வராது, அவ்வளவுதான்.

வந்தது திரை. மூலையில் தேதி:
ஜனவரி 1, 2009.
கரண்டு போய் வந்தால் போதும், பெட்டிக்கு எப்போதும் அதே நாள்.
கொழுந்தனார் வேதாசலம் இன்னும் இங்கேதான் சாப்பிடுகிறார்.
ஒரு கல்லா, எட்டுத் தறி,
நடுச்சுவர் எழும்பவில்லை.
பேங்க் பக்கம் மட்டும் ஒப்புக்கொள்ளாது.
'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று
வாசலிலேயே நிறுத்திவிடும்.

போன வாரம் நான் பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன்.
அம்பு தானாக நகர்ந்தது.
மெதுவாக, விளக்குப் போடாமலே
அடுக்களைக்கு வழி தெரிந்தவர் மாதிரி,
நூல் கணக்கு ஃபோல்டர்மேல் கொஞ்சம் நின்றது.
திறந்தது.
வைரஸ் என்றார் கன்னியப்பன்.
அவருக்கு நூல் விலை ஏறினாலும் வைரஸ்தான்.

நெட் வயரைப் பிடுங்கினேன். சேஃப் மோடு.
துருவித் தேடியதில் பதினோரு பூச்சி,
நான் கேட்காத இரண்டு தேடுபட்டை,
வேகமாக்குகிறேன் என்று வேகத்தைத் தின்ற ஒன்று.
கடைசியில், சாதுவான பெயரோடு,
தூரத்திலிருந்து வந்துபோக ஒரு கதவு.
யூசர் பட்டியலில் 'ஓனர்'. அது நான்.
அதன் கீழே 'வேதா'. அதிகாரமெல்லாம் அதனிடம்.
பாஸ்வேர்டு? பழைய லேண்ட்லைன் நம்பரைப் போட்டுப் பார்த்தேன்.
திறந்தது.

நாற்பத்து மூன்று முறை வந்திருக்கிறார்.
குறிப்பு இருக்கிறது, மணி நிமிஷத்தோடு.
நாள் மட்டும் எல்லாம் ஒன்றே:
ஜனவரி 1, 2009.
சாட்சி சொல்ல வேண்டிய பெட்டி
அவர் பக்கம் பேசுகிறது.
வந்தாராம். ஆனால்
அது அவர் வீடாகவும் இருந்தபோது வந்தாராம்.

நகரியில் மஸ்தான் வாட்ச் கடை.
பொத்தான் பேட்டரி, அம்பது ரூபாய்.
கம்ப்யூட்டருக்கு என்றேன்.
"தானிக்கி கூடா உண்டுந்தா அம்மா?" என்றார்.
அதற்கும் உண்டு, எல்லாவற்றுக்கும் உண்டு.

தேதியைச் சரி செய்தேன். கதவை அழித்தேன்.
'வேதா'வை நீக்கப் போனால் பெட்டி கேட்கிறது,
இவர் கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா?
வைத்துக்கொள் என்று அழுத்தினேன்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
கணக்கு மொத்தமும் பென் டிரைவில் ஏற்றி,
சாமி படத்துக்குப் பின்னால் வைக்கவில்லை,
எல்லாரும் முதலில் தேடும் இடம் அது.
புதுப் பாஸ்வேர்டு பதினான்கு எழுத்து.
அதில் யார் பிறந்த நாளும் இல்லை.

ராத்திரி எட்டரைக்குப் புத்தூரிலிருந்து போன்.
"அண்ணி, சிஸ்டம் ஆஃப்லயா இருக்கு?"
கேட்டுவிட்டுத்தான்
தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே கேட்டது.
"ஆன்லதான் இருக்கு. தேதி மாத்தினேன்" என்றேன்.

அவர் பேசவில்லை. நானும் வைக்கவில்லை.
அவருக்குப் பின்னால்
தறிகள் ஓடுகிற சத்தம்,
நாலு இல்லை, ஆறாவது இருக்கும்,
அமாவாசை அன்றைக்கு.