செவ்வாய்க்கிழமைகளில் கண்ணாடி பிடிப்பவன்

என் வேலை சன்னலுக்குக் கண்ணாடி மாட்டுவது.
சேன் லூயி நகரத்தில்
ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில்
எந்த வீட்டின் சட்டம் எத்தனை அங்குலம் என்று
மதெம்பாவைக் கேளுங்கள், என்னைத்தான்.
செவ்வாய்க்கிழமை மட்டும்
ஜெய்னபாவுக்குக் கண்ணாடி பிடிக்கிறேன்.

பிடிப்பது என்றால்
இரண்டு கையாலும், நிமிர்த்தி, மார்புக்கு நேராக.
விளிம்பு அறுக்காமலிருக்கப்
பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் செருகியிருக்கிறேன்.
மேசையில் கிடத்தலாமே என்று ஒருமுறை சொன்னேன்.
"மேசையில் வைத்தால் மேசை தெரிகிறது" என்றாள்.
என்னை நிறுத்தினால் நான் தெரியமாட்டேனா,
அதைக் கேட்கவில்லை.

கடைத்தெருவில் மற்றவர்கள்
தாளில் கோடு இழுத்து, மேலே கண்ணாடி வைத்து
அதே சிங்கத்தை நானூறாவது முறை நகலெடுக்கிறார்கள்.
சிங்கத்துக்கே அலுத்துப் போயிருக்கும்.
இவளிடம் தாளே கிடையாது.
படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் டப்பாக்கள் ஏழு.
மூடியைத் திறந்த பிறகுதான்
இன்றைக்கு என்ன நிறம் என்று அவளுக்கே தெரியும்.

முதலில் கையெழுத்து.
இன்னும் இல்லாத படத்துக்கு,
வலமிருந்து இடமாக, புரட்டிப்போட்ட எழுத்தில்.
என் பக்கம் அது நேராக வாசிக்கக் கிடைக்கிறது.

அப்புறம் ஒரு வெள்ளைப் புள்ளி.
அரிசி அளவு.
"என்ன அது?"
"எனக்கென்ன தெரியும், இப்போதுதானே வைத்தேன்."

துணியில் வரைகிறவர்கள் கடைசியில்தான் கண் திறப்பார்கள்.
கண்ணாடியின் முதுகில் பூசுகிறவளுக்கு
முதலில் வைத்ததுதான் முன்னால் நிற்கும்.
ஒளியை வைத்துவிட்டு
அது எதன்மேல் விழுந்தது என்று தேட வேண்டும்.
புள்ளியைச் சுற்றிக் கறுப்பு.
கோப்பையின் மினுக்கமாக இருக்கலாம்,
தூரத்துப் படகின் விளக்காக இருக்கலாம்.
அவள் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

பாலைவனக் காற்று வீசும் மாதம்.
ஒரு தேநீர் கொதித்து நுரைப்பதற்குள் பூச்சு காய்ந்துவிடும்.
மூன்று தேநீரில் ஒரு படம்;
முதலாவது கசப்பு, மூன்றாவது பல் கூசும் இனிப்பு
என்று சொல்கிறாள். என் கைதான் கண்ணாடியில் இருக்கிறதே.

இரண்டாவது தேநீரின்போது
பாலத்திலிருந்து இறங்கிய லாரி தெருவையே உலுக்கியது.
என் கை ஆடியது.
அவள் தூரிகையில் சிவப்பு இருந்தது.
மேலிருந்து கீழாக ஒரு கோணல் கோடு,
நான் போட்டது.

துடைத்துவிடு என்றேன்.
மண்ணெண்ணெய்த் துணி எட்டும் தூரத்தில்தான்.
அவள் கோட்டைப் பார்த்தாள்,
புள்ளியைப் பார்த்தாள்,
சிரித்துவிட்டாள்.
"கயிறு. கிடாயைக் கட்டியிருக்கிறார்கள்."

பிறகு எல்லாம் மளமளவென்று.
கொம்பு, கொம்புக்குப் பின்னால் காது.
கண்ணின்மேல் முகத்தைப் பூசினாள்.
அவள் பக்கம் கண் புதைந்தது,
என் பக்கம் திறந்தது.
கிடாய்க்குக் கீழே ஒரு மினி பஸ் வந்து நின்றது, ஏனென்றால்
கிடாய் எதன்மேலாவது நிற்க வேண்டுமே.
கூரையில் அது, பெருநாளுக்கு ஊர் போகிற பயணியாக,
கட்டணம் கொடுத்துவிட்ட முகத்தோடு.

(ஸ்டியரிங் வலப்பக்கம் வந்துவிட்டது.
போன மாதம் ஒருவர் இதே காரணத்துக்காகச் சண்டை போட்டார்.
"என் பக்கம் வந்து பாருங்கள், சரியாக இருக்கும்" என்று
பின்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள்.
அங்கே வெறும் பெயின்ட் திட்டுகள்.
வாங்கிக்கொண்டு போனார்.)

கடைசியில் வானம்.
அதுவரை வெற்றுக் கண்ணாடி வழியே
அவள் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தாள்:
கழுத்தில் வியர்வை, முகவாயில் பச்சைத் தீற்றல்,
வரிசைக்கு வெளியே நிற்கும் ஒரு பல்.
டப்பாவைத் திறந்தாள். மஞ்சள்.
சரி, மஞ்சள் வானம்.
தோள் போயிற்று. வாய் போயிற்று.
கொம்புகளுக்கு நடுவே நாணயம் அளவு இடைவெளி,
அதில் அவளுடைய ஒரு கண்.
என்னைத்தான் பார்க்கிறதா,
பூசாமல் விட்ட இடத்தைப் பார்க்கிறதா

மூடினாள்.

நானும் கிடாயும் எதிரெதிரே.
தோள்பட்டை கடுக்கிறது, மூக்கு அரிக்கிறது.
இறக்கி வைக்கட்டுமா என்கிறேன்.
கிடாய்க்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது:
"காயட்டும்."