முறிகண்டியில் பத்து நிமிடம்

ஓமந்தை தாண்டும்போது ஐந்தாவது தாள்.
பஸ் குலுக்கினதில் சிவப்புப் பேனை
ஒரு சரியான விடையைக் குறுக்கே வெட்டிவிட்டது.
ஓரத்தில் 'சரி' என்றெழுதிச்
சின்னக் கையொப்பமும் வைத்தேன்.

கிளிநொச்சிக் கல்லூரியில் எங்கள் பிரிவுக்கு
நாலு கதிரை, இரண்டு பேர்.
தவரூபன் சேர் கனடா போனதிலிருந்து
அவருடைய புள்ளிவிபரவியலும் எனக்கு.
அலுமாரித் திறப்பும்.
உள்ளே அவர் விட்டுப்போன பனடோல் அட்டையும்;
அது போன மாதம் முடிந்தது.

நேற்று ஒரு படிவம்:
வேலைப்பளுவை மணித்தியாலத்தில் தருக, மூன்று பிரதி.
அதை நிரப்பிய ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக்
கட்டம் இல்லை.

முறிகண்டியில் எல்லோரும் இறங்கிப்
பிள்ளையாரிடம் போகிறார்கள்.
நான் இருக்கிறேன்.
எனக்கு அவர் தருவது
பேனை ஆடாத இந்தப் பத்து நிமிடம்.

பதினேழாவது தாள்
நாலாம் கேள்வியோடு நின்றிருக்கிறது.
கீழே, சரிந்துகொண்டுபோகும் எழுத்தில்:
'இரவு வயலில் யானைக் காவல்.
மிச்சம் தெரியும் மிஸ், நித்திரை வருது.'

எனக்கும்,
என்று எழுதிவிட்டேன்.
சிவப்பில்.

கொண்டக்டர் மணி அடிக்கிறார்.
வெட்டி, ஓரத்தில்
கையொப்பம் வைக்க இடம் தேடுகிறேன்.
பஸ் எடுத்துவிட்டது.