மாத்தூருக்குப் போன செருப்புகள்

வந்திறங்கிய இரவில்
முற்றத்து பல்பின் கீழ் நின்று
என் முகத்தைப் பார்க்கவில்லை நீ.
கீழே பார்த்தாய்.
"சித்திக்குக் காலும் உண்டா?"

ஐந்து வருடமாக
போனுக்குள் கழுத்தோடு முடிந்துபோனவள் நான்.
சிக்னல் போனால்
வாய் திறந்தபடி உறைந்துவிடுபவள்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
என் கால்களைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தொரு நாள் விடுப்பில்
பத்திரம் பதிய இரண்டு, கல்யாணங்களுக்கு நான்கு,
கடைவாய்ப் பல்லுக்கு ஒன்று,
கடன் கேட்டு வந்தவர்களுக்கு எத்தனையோ.
உன் காலாண்டு லீவில்
ஒரேயொரு செவ்வாய்க்கிழமை மிஞ்சியது.
"கன்னியாகுமரி வேண்டாம்,
அது ஸ்கூல்லயே கூட்டிட்டுப் போயாச்சு.
வாய்க்கால் ஆகாசத்துல ஓடுமே, அங்க."

மார்த்தாண்டத்தில் ஒரு பஸ்,
திருவட்டாரில் இன்னொன்று.
"இந்த மரமெல்லாம் எதுக்கு
சிரட்டைய வச்சிட்டு நிக்குது, பிச்சைக்கா?"
ரப்பர் பால் என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
தூங்கிப்போனாய், எச்சிலில் என் தோள் நனைய.
வார்டில் எத்தனையோ தலைகளைத்
தூக்கித் தலையணை மாற்றியிருக்கிறேன், ஜெஷ்னா.
ஒன்றும் இத்தனை கனமில்லை.

மாத்தூரில் மழை அப்போதுதான் விட்டிருந்தது.
மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசிக் கீற்றை
உதட்டை ஊதி ஊதித் தின்றாய்.
பாலத்தில் ஒரு பக்கம் தொட்டித் தண்ணீர்,
மறுபக்கம் நாம்.
அடியில், வெகு அடியில், தென்னைகள்.
தென்னையை மேலிருந்து பார்ப்பது
பெரியவர்கள் குனியும்போது
வகிடு தெரிந்துவிடுவதுபோலக்
கூச்சமாக இருந்தது எனக்கு.

கம்பி இடுக்கில் காலை விட்டு ஆட்டினாய்.
போயிற்று.
பச்சை வார், பட்டாம்பூச்சி ஒட்டியது.
விழுந்த சத்தம்கூட வரவில்லை.

திட்ட வாயெடுத்தேன்.
திட்டிப் பழக்கமில்லை.
நான் தொடங்குவதற்குள்
உன் அம்மா வந்து போனை வாங்கிவிடுவாள்.
இங்கே யாரும் வாங்க வரவில்லை.
நீயும் காத்திருந்துவிட்டு,
"அப்ப தேடலாமா?" என்றாய்.

படியிறங்கினோம்.
பறளியாற்றங்கரைப் புல்லில்
ஏற்கெனவே மூன்று கிடந்தன:
குதி உயர்ந்த ஒன்று,
கைக்குழந்தையின் இடது,
ஒரு ஆணின் நீல ஹவாய்.
எதற்கும் ஜோடியில்லை.
உன்னுடையதும் இல்லை.
கடையில் உட்கார்ந்ததுபோல
பாறையில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாய்.
என்னுடையதைக் கழற்றி நீட்டினேன்.
"அது சித்தி காலுக்கு உள்ளது" என்று
நீலத்தை எடுத்துக்கொண்டாய்.

டப், டப், டப் என்று
பஸ் ஏறிய உன்னைக்
கண்டக்டர் குனிந்து பார்த்தார்.
"பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஃப்ரீ.
ஆனா அது ஆம்பளைச் செருப்பு மக்களே,
அதுக்கு டிக்கெட் உண்டு."
நீ நம்பிவிட்டாய்.
பைக்குள் துழாவி
வியர்த்துப்போன ஐந்து ரூபாயை நீட்டினாய்.
அவர் வாங்கவில்லை.
வீடு வரும்வரை
நாணயத்தை மடக்கிப் பிடித்தபடியே இருந்தாய்,
அடுத்த ஸ்டாப்பில் செக்கிங் ஏறிவிடுமோ என்று.

உன் அம்மா அடுக்களையில் வைத்து
என்னைத்தான் திட்டினாள்.
புதுச்செருப்பு, பண்டிகைக்கு எடுத்தது,
பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவள்.
எத்தனை நாளாயிற்று
நேரில் திட்டு வாங்கி.
பாத்திரம் கழுவிக்கொண்டே
முழுசாகக் கேட்டேன்.

இப்போது குவைத்துக்கு நீ கூப்பிட்டால்
முதலில் முகம் வருவதில்லை.
தரை வருகிறது,
பிறகு ஒரு பூனைவால்,
பிறகு நீல ஹவாயில் உன் கால்.
இன்னும் மூன்று விரல் இடம் பாக்கியிருக்கிறது.
"இப்ப நீங்க."
நானும் போனைச் சாய்க்கிறேன்.
பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள்.

"வீங்கியிருக்கு" என்கிறாய்.
ஆமா என்கிறேன்.
வீட்டில் மற்ற எல்லாரிடமும்
சுகமாயிருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.