நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

அட்டையில் அவர் சிரிக்கிறார்.
கிபாதி முஹோரோ, கொக்கு மார்க் சோப்பு முதலாளி.
கிசுமு பஸ் நிலையத்தில் பழைய புத்தகக்காரன்
நூற்றைம்பது ஷில்லிங் சொன்னான், எண்பதுக்கு வாங்கினேன்.
தொழிலதிபர் சரித்திரத்தைப்
பேரம் பேசாமல் வாங்கினால்
படித்து என்ன பயன்?

என் அறையில் வேர்க்கடலை நான்கு மூட்டை.
அரைக்கும் இயந்திரம் ஒன்று, பாதி கடனில்.
அரைத்த கடலை வெண்ணெய் வாளியில்
எண்ணெய் மிதக்கக் காத்திருக்கிறது,
மூடிக்காக.
ஜாடி கிடைக்கிறது. மூடிதான் இல்லை.
பத்தாயிரத்துக்குக் குறைந்து
நைரோபிக்காரன் தரமாட்டானாம்.
அவ்வளவு பணமிருந்தால் நான்
மூடி வியாபாரமே செய்வேன்.

முதல் அத்தியாயம், கனவு.
இரண்டாவது, பெரிய கனவு.
மூன்றாவதில் மின்சாரம் போயிற்று,
புத்தகத்தில் அல்ல, எங்கள் தெருவில்.
போன் வெளிச்சத்தில் தொடர்ந்தேன்.

‘கடினமான ஆண்டுகள்’ என்று ஓர் அத்தியாயம்.
ஆறு வருடம், நான்கு பக்கம்.
அதிலும் ஒரு பக்கம் முழுக்க லாரியின் படம்.
அந்த நான்கு பக்கத்துக்குள்தான்
நான் இப்போது குடியிருக்கிறேன்,
வாடகை கொடுத்து.

மனைவி தையல் இயந்திரத்தை விற்றாள் என்று
ஒரு வரி வருகிறது.
அந்தப் பணத்தில்தான் முதல் மூட்டை காஸ்டிக் சோடா.
அவள் பெயர் அந்த வரியில் இல்லை.
கடைசிப் பக்கங்களின் பெயர்ப் பட்டியலில் தேடினேன்.
அமைச்சர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.
லாரியும் இருந்தது, மாடலோடு.
தையல் இயந்திரத்தை மீட்டார்களா என்று
முந்நூறாம் பக்கம்வரை பார்த்தேன்.
மீட்கவில்லை, அல்லது
சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் நூற்று நாற்பத்து மூன்றில்,
உறை அச்சடிக்கக் காசில்லாமல்
பதினொரு மாதம் சோப்பைச்
செய்தித்தாளில் சுற்றி விற்றாராம்.
குளிக்கப் போனவர்கள்
போன வாரச் செய்தி படித்தார்களாம்.
இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அவர்
ஏற்றுமதிக்குத் தாவிவிட்டார்.
நான் தாவவில்லை.
ஏட்டுச் சுரைக்காயில் ஒரு விதை
உயிரோடு இருந்தது.
பென்சில் கிடைக்காமல்
கடலைத் தோலை அடையாளம் வைத்து மூடினேன்.

காலையில் கிபுயே சந்தைக்கு வாளியோடு போனேன்.
‘பாத்திரம் உங்களுடையது, பத்து ஷில்லிங் குறைவு’
என்று அட்டையில் எழுதி நிறுத்தினேன்.
மீன் விற்கும் அபோங்கோ வாய்விட்டுச் சிரித்தாள்.
மதியம் அவளே தேநீர்க் கோப்பையை நீட்டினாள்.
பள்ளிச் சமையல்காரர் ஒபுயா கொண்டுவந்த பானைக்கு
என் தராசு போதவில்லை.
மொத்தம் பதினேழு கிலோ.

மறுநாள் ஆறு.
அதற்கு மறுநாள் மழை.
நான்காம் நாள் சுகாதார அதிகாரி வந்து
மூடி எங்கே என்றார்.
அபராதம் ஐந்நூறு.
ரசீது கேட்டேன், முந்நூறாயிற்று.
இது அவருடைய புத்தகத்தில் எங்கும் இல்லை.
லாரிப் படத்துக்கு அடியில் இருக்கலாம்.

இரவு புதுக் கணக்கு நோட்டைப் பிரித்தேன்.
முதல் வரியில் கடலை விலை எழுதவில்லை,
வாளி, வாடகை எழுதவில்லை.
‘இயந்திரத்தின் மறுபாதி:
என் தம்பி ஒடுண்டோ விற்ற சைக்கிள்,
ஆறாயிரத்து இருநூறு. மீட்க வேண்டும்’
என்று எழுதி, பெயருக்கு அடியில்
இரண்டு கோடு போட்டேன்.

அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.
இப்போது நடந்துதான் வேலைக்குப் போகிறான்.
செருப்புத் தேய்மானம் என்று
இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்கிறான்.