வந்தது 3.25

பள்ளத்தூரில் இறங்கும்போது மணி பத்தரை.
சொல்லாமல் வரவேண்டிய ஆய்வு.
ஆனாலும் பினாயில் வாசம்
தெருமுனைக்கே வந்து என்னை அழைத்துப்போனது.

மூன்று கட்டு வீடு. வாரிசுகள் சிங்கப்பூரில்.
வாடகைக்கு எடுத்து, பெயர்ப்பலகை மாட்டி,
இருபத்துமூன்று கட்டில்கள் போட்டிருந்தார்கள்.
மேலாளர் திருநாவு இளநீர் வெட்டச் சொன்னார்.
வேண்டாம் என்றேன்.
வெட்டிவிட்டார்கள்.

படிவம் பன்னிரண்டு பக்கம். ஆம், இல்லை, பொருந்தாது.
கழிவறையில் கைப்பிடி உண்டா? ஆம்.
நேற்று மாட்டியது; திருகாணியைச் சுற்றிச்
சுண்ணாம்புத் தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது.
ஆத்தங்குடித் தரையில் ஒரு கை தண்ணீர் தெளித்து
வெறுங்காலை வைத்துப் பார்த்தேன்.
சுவரைப் பிடித்துத்தான் நின்றேன்.
ஒரு முழ உயரத்தில் நிலைப்படி.
அதன் முன்னால் ஒரு சக்கர நாற்காலி,
வெள்ளம் போகும் தரைப்பாலத்தின் முன்
நிறுத்திவைத்த டவுன் பஸ் மாதிரி.

மருந்துப் பதிவேட்டில் ஜூன் முழுக்க
ஒரே பேனா, ஒரே சாய்வு.
ஒரு நாள்கூட யாரும் மாத்திரையைத் துப்பவில்லை.
ஜூன் முப்பத்தொன்றாம் தேதியும்
எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

உமையாள் அவர்களைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்றேன்.
"இப்பத்தான் கண்ணசந்தாங்க."
காத்திருக்கிறேன் என்றேன்.
இடுப்புக்குக் கீழே புண். ஓரம் கறுத்து, நடுவில் ஈரம்.
அளவுகோல் வைத்தேன்: நான்கு சென்டிமீட்டர்.
படுக்கையில் புண் உள்ளவர்கள்: எவருமில்லை
என்று காலையில்தான் எனக்கு எழுதித் தந்திருந்தார்கள்.
தண்ணீர்ச் செம்பு ஜன்னல் விளிம்பில்,
கைக்கு எட்டாமல், பளபளவென்று.
சாய்த்துப் பிடித்தேன்.
மூச்சு விடாமல் முழுச் செம்பையும் குடித்தார்.

இரண்டாம் கட்டில் சாத்தப்பன்.
பினாங்குக் கடையில் கணக்கு எழுதியவராம்.
திருநாவு போன் பேச நகர்ந்த நேரம்
தலையணை உறைக்குள்ளிருந்து உருவினார்
தினசரி காலண்டர் தாள்களை.
பின்பக்கம், நடுவில் கோடு கிழித்து, பென்சிலில்:

மணி அடித்தது 2.10. வந்தது 3.25.
மணி அடித்தது 11.40. வரவில்லை.
நாலாம் கட்டில் விழுந்தார். சத்தம் 4.05, விளக்கு 4.50.
ராத்திரி வலது கையைத் துண்டால் கட்டினார்கள். மெதுவாகத்தான்.

மெதுவாகத்தான் என்பதை அடித்துவிட்டு
மறுபடியும் எழுதியிருந்தார்.

"ஐந்தொகை போட்டுட்டேன் ஆத்தா.
நெலுவை நெறைய நிக்குது."

ராத்திரி வேலைக்காரர் சவரியம்மாள்
தூக்கம் கலைந்த முகத்தோடு வந்தார்.
கேட்பதற்கு முன்பே, கட்டினது நான்தான் என்றார்.
இருபத்துமூன்று பேருக்கு ராத்திரி ஒரே ஆள்.
ஒருத்தரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது
இன்னொருத்தர் கட்டிலைவிட்டு இறங்கிவிடுகிறார்.
மே மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.
கால் இரண்டும் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது.
"நீங்களே சொல்லுங்கம்மா,
ரெண்டு மணி சேந்து அடிச்சா
எதுக்கு மொதல்ல ஓடுறது?"

படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.
'குறைபாட்டுக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது,
ஒரு பெயர் கொள்ளும் அகலத்தில்.
அவர் பெயரை எழுதினால்
நாளை மறுநாளே வேறொரு சவரியம்மாள் வருவார்,
அறுநூறு ரூபாய் குறைவுக்கு.
எழுதாமல் விட்டால்,
அந்தத் துண்டு எந்தக் கணக்கில் போகும்?

கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் நெருக்கி எழுதினேன்:
உரிமதாரர் பெயர். மேலாளர் பெயர்.
ராத்திரி ஒருவர், தேவை நால்வர்.
கை கட்டியதையும் எழுதினேன், யார் கட்டினார் என்பதோடு.
பேனா அங்கே கொஞ்சம் நின்று போனது.

காலண்டர் தாள்கள், இணைப்பு ஒன்று.
சாத்தப்பன் ரசீது கேட்டார்.
பதினேழு தாள்கள் பெற்றுக்கொண்டேன் என்று
கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தேன்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டி
இரண்டு முறை வாசித்தார்.

"நேரம் போடலையே" என்றார்.